உப்பை விட்டுவிட்டு நடந்தவள்

நடப்பது என்றாலே எனக்கு ஆகாது. கடைக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற டீக்கடைக்குக்கூட வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவன் நான். மரக்காணத்தில் உப்பளக்காரர்களுக்கு மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை என்னுடையது. உட்கார்ந்த இடத்தில் வியாபாரம், உட்கார்ந்த இடத்தில் கோபம், இரண்டும் எனக்கு நன்றாகவே வரும். சுலபத்தில் யாரையும் மெச்சுகிற ஆளும் இல்லை. அதனால் என் மனைவியைப் பற்றி நான் எழுதுவதில் மிகை இருக்குமோ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

அவள் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஊரே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். வீட்டில் கேலிக்காக நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். தன் உடம்பைப் பற்றி அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. கவலையெல்லாம் அவள் அம்மாவைப் பற்றித்தான். என் மாமியார் கடைசிச் சில வருடங்கள் எங்களோடு இருந்தார். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போய், முடிவில் பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. காலையில் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்பார். "உன் பொண்ணுதாம்மா" என்பாள் இவள். "அப்படியா, சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிப்பார். மறுநாள் காலையிலும் அதே கேள்வி. இவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள். தண்ணீர் வீணாகிறதே என்று நான் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை.

மாமியாரின் முதல் வருட நினைவுப் பூசை முடிந்த வாரத்தில் ஒரு நாள், வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள் கரும்பலகையில் ஓர் உருவத்தை வரைந்தாள். அதற்கு என்ன பெயர் என்று அவளுக்கு வரவில்லை. செவ்வகம். இத்தனை வருடங்களில் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாளோ, அந்த ஒரு சொல் வரவில்லை. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். டீச்சர் வேண்டுமென்றே கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொன்னார்களாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தோள்பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் வந்துடுச்சுங்க" என்றாள்.

"போடி, ஒரு வார்த்த மறந்ததுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா? நான் நேத்து கடைச் சாவிய ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பயம்தான் குடியிருந்தது. சாவைப் பற்றிய பயம் இல்லை. அவள் அவளாக இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம். அவளுக்கு அது வெளிப்படையாக இருந்தது, எனக்குக் கோபமாக மாறி இருந்தது.

அதே சமயத்தில் மாடி வகுப்புக்கு ஏறும்போது மூச்சும் வாங்க ஆரம்பித்தது. புதுச்சேரியில் ஓர் இதய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: பல வருடங்களாக பிரஷரைக் கவனிக்காமல் விட்டதில் இதயத்தின் சுவர் தடித்து இறுகிப்போயிருக்கிறது, ரத்தம் உள்ளே வந்து நிரம்புவதற்கே சிரமப்படுகிறது. மாத்திரை எழுதினார். உப்பைக் குறைக்கச் சொன்னார். பிறகு, நடக்கச் சொன்னார்.

"காத்து வாங்குற நடை இல்லம்மா. வேர்க்கணும். மூச்சு வாங்கணும். பேச முடியணும், ஆனா பாட முடியக் கூடாது. அந்த வேகம். மெல்ல மெல்ல தூரத்தக் கூட்டிட்டே போங்க."

"ஞாபகத்துக்கு என்ன மாத்திரை டாக்டர்?" என்று கேட்டாள். அவள் வந்ததே அதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அதுக்கும் இதேதான்" என்றார். "மூளையும் ரத்தத்த வெச்சுத்தான் வாழுது. இதயம் நல்லா இறைச்சா, குழாய்ங்க இளகியிருந்தா, மூளையில இருக்குற நூல் மாதிரி குழாய்க்கெல்லாம் ரத்தம் ஒழுங்காப் போகும். வயசானா ஞாபகத்த வெச்சிருக்குற பகுதி சுருங்கும். விடாம இப்படி உழைக்கிறவங்களுக்கு அந்தச் சுருக்கம் மெதுவாகுதுன்னு சொல்றாங்க. நிச்சயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதவிட நல்ல வழி என்கிட்ட இல்ல."

எனக்கு அது சட்டென்று புரிந்தது. மோட்டார் சரியாக இழுக்காவிட்டால் கடைசிப் பாத்திக்குத்தான் முதலில் தண்ணீர் ஏறாது. அதைச் சொல்லி என்னிடம் சண்டைக்கு வராத உப்பளக்காரர் கிடையாது.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பிவிட்டாள். எங்கள் தெரு முடிந்ததும் உப்பளம் ஆரம்பித்துவிடும். பாத்திகளுக்கு நடுவே வண்டி போகிற அளவுக்கு மண் பாதை போட்டிருக்கிறார்கள். நிழல் என்று ஒரு செடிகூடக் கிடையாது. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, என் பழைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் போவதைப் பார்த்து, உப்பு வாருகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்களாம்.

"இன்னா டீச்சர், ரயிலப் புடிக்கப் போறீங்களா?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். மரக்காணத்துக்கு ரயிலே கிடையாது.

முதல் வாரம், உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் இருக்கும் எஞ்சின் ரூம் வரைக்கும் போய், அங்கேயே திண்டில் உட்கார்ந்துவிட்டு வருவாள். கால் வீங்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு வாரம் தாங்குமா என்று நான் நினைத்தேன். பிறகு உட்காராமல் திரும்பினாள். பிறகு உப்பளத்தைத் தாண்டிக் கடற்கரைக் குப்பம் வரைக்கும் போனாள். பெங்களூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் ஷூவும், நாடித்துடிப்புக் காட்டுகிற வாட்ச்சும் வாங்கி அனுப்பினாள். புடவை போய்ச் சுடிதார் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் பெருமுக்கல் போய் மலை ஏறிவிட்டு வருவாள். "அது சிவன் கோயில் மலைடி" என்றேன். "சாமி யாரா இருந்தா என்னங்க, படி எல்லாருக்கும் பொதுதான" என்றாள்.

மழைக்காலத்தில் உப்பளம் மொத்தமும் குளமாகிவிடும். பாதை எது பாத்தி எது என்று தெரியாது. அப்போதாவது வீட்டில் இருப்பாள் என்று பார்த்தால், பள்ளிக்கூட வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருப்பாள். புயல் எச்சரிக்கை சொன்ன அன்றைக்கும் நடந்தாள். வாட்ச்மேன் எனக்கு போன் பண்ணி, "ஏம்பா, டீச்சருக்கு எதாவது மனக்கஷ்டமா?" என்று கேட்டார். மனக்கஷ்டம்தான். அவருக்கு எப்படிச் சொல்வது? பயந்தவர்கள் ஓடிப்போய் ஒளிந்துகொள்வார்கள் என்றுதான் நான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். இவள் அந்தப் பயத்தையும் கூட்டிக்கொண்டு தினமும் நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவள்மேல் புதிதாக ஒரு மரியாதை வந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

அடுத்த வருடம் எக்கோ எடுத்தபோது டாக்டர் படத்தை இரண்டு தடவை பார்த்தார். இறுக்கம் தளர்ந்திருக்கிறது என்றார். உட்கார்ந்திருக்கும்போது நாடித்துடிப்பு நிதானமாகிவிட்டது. அடிக்கிற ஒவ்வோர் அடியிலும் முன்பைவிட அதிகம் இறைக்கிறது, அதனால் அவசரப்பட வேண்டியதில்லை என்று விளக்கினார். மாடி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. படுத்தால் தூங்கினாள். ஞாபகம் கூடியதா, தூக்கம் வந்ததால் தெளிவானாளா, பயம் குறைந்ததால் சொற்கள் தடையில்லாமல் வந்தனவா, எனக்குத் தெரியாது. வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் பெயரையும் அப்பன் பெயரோடு சொன்னாள். சண்டை வந்தால், கல்யாணத்தன்று என் அத்தை என்ன சொன்னாள் என்பதுவரைக்கும் வரிசையாக வந்து விழும். அந்த வகையில் எனக்கு நஷ்டம்தான்.

மூன்றாவது வருடம், "வேளாங்கண்ணிக்கு நடந்து போறேங்க" என்றாள்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் எங்கள் பக்கத்திலிருந்து மாதா கோயிலுக்குப் பாதயாத்திரை போவது வழக்கம்தான். காவித் துணி உடுத்தி, மாதா சொரூபம் வைத்த சின்னத் தேரை இழுத்துக்கொண்டு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள் கணக்கில் நடப்பார்கள். இளவட்டங்களே பாதியில் பஸ் ஏறிவிடுகிற நடை அது. டாக்டரிடம் கேட்டேன். வெயில் ஏறுவதற்குள் நடக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்றார்.

நடை மட்டும் என்றால் பரவாயில்லை. அவள் உப்பையும் விட்டாள்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். வேறு ஊர்க்காரர்கள் பெரிய வேண்டுதல் என்றால் முடி கொடுப்பார்கள், மொட்டை போடுவார்கள். எங்கள் தெருவில் உப்பை விடுவார்கள். நமக்குச் சோறு போடுகிற பொருளையே மாதாவுக்காகத் தள்ளி வைக்கிறோம் என்பது கணக்கு. வேண்டிக்கொண்ட நாளிலிருந்து, கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற வரைக்கும் வாயில் உப்பு படக் கூடாது. வழக்கமாக அதைச் செய்கிறவர்கள் வீட்டோடு இருந்து ஜெபம் பண்ணிவிட்டு, கடைசியில் பஸ்ஸில் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்கள். அதில் ஓர் ஆபத்தும் இல்லை. நடக்கிறவர்கள் நடப்பார்கள், உப்பு விடுகிறவர்கள் உப்பு விடுவார்கள். இவள் கணக்கு டீச்சர் இல்லையா, இரண்டையும் கூட்டிவிட்டாள். அம்மாவுக்கு வந்தது தனக்கு வரக் கூடாது என்பது வேண்டுதல். அவ்வளவு பெரிய வேண்டுதலுக்கு ஒன்று மட்டும் போதாது என்று நினைத்திருக்கிறாள். டாக்டரே உப்பைக் குறைக்கச் சொன்னவர்தானே என்று நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். தெருவே அவளைக் கும்பிட்டு அனுப்பியது.

குழுவின் சாமான்களை ஏற்றிக்கொண்டு போகிற லோடு ஆட்டோவில் நான் ஏறிக்கொண்டேன். சமையல் பாத்திரங்களுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே எனக்கு நல்ல இடம். கீழ்புத்துப்பட்டைத் தாண்டும்போது விடிந்தது. தேருக்கு முன்னால் அவள்தான் போய்க்கொண்டிருந்தாள். சீரான நடை, கை வீச்சு, நிமிர்ந்த தலை. பின்னால் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள், ஒரு மணி நேரத்தில் பாட்டு நின்றுவிட்டது. இவள் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டே நடந்தாள். குழுவை நடத்திப் போகிறவர் எங்கள் ஊர்ப் படகுக்காரர், ஆஜானுபாகுவான ஆள். அவரே என் பக்கம் வந்து, "இன்னாய்யா, டீச்சருக்கு உள்ள மிஷினு வெச்சிருக்கியா?" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ நானே அந்த மோட்டாரை விற்ற மாதிரி சிரித்துக்கொண்டேன்.

வழி நெடுக ஜனங்கள் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்காமல் எல்லோரும் கொடுப்பார்கள். மோரில் உப்பு போட்டிருக்கும். இவள் வேண்டாம் என்று கைகூப்பிவிட்டு வெறும் தண்ணீர் வாங்கிக் குடிப்பாள். சாப்பாட்டிலும் அவளுக்குத் தனியாக உப்பில்லாத சோறு. ஆகஸ்டு வெயில் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? காவித் துணி முதுகில் ஒட்டிக் காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அவளிடமிருந்து வெளியே போன உப்பு அப்படிக் கண்ணெதிரே படிந்திருந்தும், உப்பளத்திலேயே பிறந்து வளர்ந்த எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் அது என்னவென்று தோன்றவில்லை.

கடலூர் தாண்டிய மறுநாள் காலையில் தலை வலிக்கிறது என்றாள். கொஞ்சம் வாந்தி எடுத்தாள். கல்யாண மோதிரம் விரலை இறுக்குகிறது என்று திருகிக்கொண்டே நடந்தாள். வெயில்தான் என்று எல்லோரும் இன்னும் தண்ணீர் கொடுத்தார்கள். சிதம்பரத்துக்கு முன்னால், ஒரு பஸ் நிழற்குடையில் போய்த் தானாக உட்கார்ந்துவிட்டாள். அவள் நடுவழியில் உட்கார்ந்து நான் பார்த்தே வருடங்கள் ஆகியிருந்தன. ஆட்டோவிலிருந்து குதித்து ஓடினேன்.

"இன்னா ஆச்சுடி?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் நல்ல மரியாதை. "உக்காருங்க சார்" என்றாள். "உங்க பையன் எந்த கிளாஸ்?"

விளையாடுகிறாள் என்று ஒரு நொடி நினைத்தேன். "ஏய்" என்றேன்.

"ஹெச்.எம். ரூம் அந்தப் பக்கம் இருக்குது. நீங்க அவங்களப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றாள். கையால் நெல் வயலைக் காட்டினாள்.

வந்துவிட்டது. இத்தனை வருடம் அவள் எதை விட்டு விலகி விலகி நடந்தாளோ, அது நடுரோட்டில் வந்து பிடித்துக்கொண்டது. டாக்டர் மேல் ஆத்திரம் வந்தது. மாதாமேலேயே ஆத்திரம் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேரில் இருந்த சொரூபத்தைப் பார்த்து, "இதுக்குத்தான் நடக்க வெச்சியா?" என்று கத்தினேன். படகுக்காரர் என் தோளைப் பிடித்து அழுத்தி, டிரைவரைப் பார்த்து, "டேய், மூட்டையெல்லாம் கீழ தள்ளு. ஆஸ்பத்திரிக்கு விடு" என்றார்.

சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. சின்ன வயது டாக்டரம்மா. "இது என்ன மாசம்மா?" என்று அவளைக் கேட்டார். "ஜூன். ஸ்கூல் இப்பதான் தொறந்தாங்க" என்றாள்.

"அவங்க அம்மாவுக்கு இருந்தது டாக்டர். ஆள் தெரியாம போற வியாதி. இவளுக்கும் வந்துடுச்சு" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து."

"நேத்து?"

"நேத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துட்டே நடந்தாளே."

"அது அப்படி ஒரே நாள்ல வராது சார்" என்று சொல்லிவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். என்ன மாத்திரை, என்ன சாப்பாடு, எவ்வளவு தண்ணீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உப்பு வேண்டுதலை நான் பெருமையாகவே சொன்னேன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார்.

ரிசல்ட் வந்ததும் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "வேர்வையில உப்பு போச்சு. பிரஷர் மாத்திரையும் உப்ப வெளிய தள்ளும். சாப்பாட்டுல உப்பே இல்ல. மேல மேல வெறும் தண்ணி. ரத்தத்துல மிச்சம் இருந்த உப்பும் நீர்த்துப்போச்சு. அப்படி ஆனா மூளையில தண்ணி கோத்துக்கும், லேசா வீங்கும். அதான் உங்களத் தெரியல."

"அப்ப அந்த வியாதி?"

"இது அது இல்ல சார். இது உப்பு." பிறகு, "எந்த ஊரு நீங்க?" என்று கேட்டார்.

"மரக்காணம்."

"உப்பு எடுக்குற ஊரா?"

"ஆமாங்க" என்றேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்கு வழக்கம்போலக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"சரியாயிடும். ஆனா அவசரப்படக் கூடாது" என்றார். "உப்ப மெதுவாத்தான் ஏத்தணும். சடார்னு ஏத்தினா மூளைக்கே கெடுதல்." பிறகு ஈசிஜி தாளை எடுத்துப் பார்த்து, "இந்த வயசுக்கு இதயம் இவ்ளோ நிதானமா இருக்குதே, ஸ்போர்ட்ஸ்ல இருக்காங்களா?" என்று கேட்டார். உப்பளத்தில் நடக்கிறாள் என்றேன். மூன்று வருடத்துக்கு முந்தைய இறுகின இதயத்தைப் பற்றியும் சொன்னேன். "அந்த இதயத்தோட இப்படி ஆகியிருந்தா ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பாங்க. இது தாங்குது" என்றார்.

உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. வாழ்நாள் முழுக்க உப்புத் தண்ணீரை வேகமாக இறைப்பதற்கு மோட்டார் விற்றவன் நான். அவ்வளவு மெதுவாக அது போவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது என்னைப் போன்ற முன்கோபிக்கு என்ன பாடு என்று சொல்லவே வேண்டாம். ஆனால் நான் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டே இருந்தேன். அவள் நர்ஸைக் கூப்பிட்டு, "சார் ரொம்ப நேரமா நிக்கிறாரு பாருங்க, ஒரு சேர் போடுங்க" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என்னை அவ்வளவு மரியாதையாக நடத்தியது அதுதான் முதல் தடவை. அந்த மரியாதை எனக்கு வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. என் மாமியார் கேட்ட கேள்வியைத் தினமும் காலையில் வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு பதில் சொல்ல என் மனைவிக்கு எவ்வளவு திடம் இருந்திருக்க வேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்குத் தெரிந்தது. என்னால் ஒரு நாளே முடியவில்லை.

மறுநாள் காலையில் நான் கண் அசந்திருந்தேன்போல. பக்கத்தில் குரல் கேட்டது.

"ஷர்ட்ட மாத்தவே இல்லியா நீங்க? சாம்பார் கறை அப்படியே இருக்குது. நர்ஸுங்க இன்னா நினைப்பாங்க?"

கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதேன். வெட்கப்படவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தாள்.

அவள் என்னை அழுது முடிக்க விட்டாள். பிறகு, "நான் உங்கள யாரோன்னு நெனச்சுப் பேசினேனா?" என்றாள்.

"இல்லியே."

"பேசியிருக்கேன். உங்க மூஞ்சியே சொல்லுது. எங்க அம்மா கேக்குறப்ப எனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள். அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா வந்தபோது அவளே நேராகக் கேட்டாள்: அம்மாவுக்கு வந்தது எனக்கு வருமா?

"அத யாராலயும் சொல்ல முடியாதும்மா. வராமலும் போகலாம், வரவும் வரலாம். ஆனா நீங்க செய்யிறது அதத் தள்ளிப்போடுற வேலை. உப்பு சாப்பிட்டுட்டு நடங்க."

அவள் தலையாட்டினாள். மாதாவைக் கேட்டிருந்தால்கூட நிச்சயமாக ஒரு பதிலைச் சொல்லியிருப்பாள், டாக்டர்தான் சொல்லவில்லை என்று நான் முணுமுணுத்தேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மதியம் கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார்கள். வேண்டுதல் என்னாவது என்று நான்தான் தயங்கினேன். பங்குச் சாமியாருக்கு போன் போட்டுக் கேட்கட்டுமா என்றேன்.

"எதுக்கு? மாதாவும் ஒரு அம்மாதானங்க. புள்ளைக்கு உப்புப் போட்டுத்தான் சோறு போடுவாங்க" என்று சொல்லிவிட்டு, ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவ்வளவு ருசியாக ஒருத்தர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில்தான் போனோம். மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஊர் திரும்பியபோது விஷயம் தெருவெல்லாம் பரவியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார், "உப்பு விடுறவங்க பஸ்ல போங்க. நடக்கிறவங்க உப்பு சாப்பிடுங்க. ரெண்டையும் சேத்துச் செஞ்சுதான் புண்ணியம் தேடணும்னு இல்ல" என்றார். எல்லோரும் திரும்பி என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுச்சேரி டாக்டர் மாத்திரையை மாற்றி, சில வாரம் கழித்து நடக்க அனுமதித்தார். தூரமாகப் போனால் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் பாட்டிலில் இருக்க வேண்டும் என்றார். அவள் முதல் நாள் விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன், புது ஷூவோடு.

"இன்னாங்க இது?"

"சும்மா. நானும் வர்றேன்."

உப்பளப் பாதையில் இரண்டு பேரும் நடந்தோம். எஞ்சின் ரூம் வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நெஞ்சுக்குள் என்னுடைய மோட்டார் எவ்வளவு மோசமான மோட்டார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உப்பு வாருகிற பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து சிரித்தார்கள். இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் நாளும் போனேன். ஒரு மாதம் ஆகியும் நான் நிற்காததைப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை.

"டீக்கடைக்கு வண்டியில போற ஆளு நீங்க. எதுக்குங்க இப்படிக் கஷ்டப்படுறீங்க? உண்மையச் சொல்லுங்க" என்று கேட்டாள்.

எனக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நின்றுதான் பதில் சொல்ல முடிந்தது. "நாளைக்கு உனக்கு வந்துடுச்சுன்னா, தினமும் காலையில நான் யாருன்னு கேப்ப. உன் புருஷன்தான்டின்னு சொல்றதுக்கு நான் இருக்கணுமில்ல. நான் முன்னாடி போய்ட்டா உனக்கு யாரு சொல்லுவா?"

அவள் நின்றாள். கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்தாள்.

"அதுக்கு இந்த வேகம் பத்தாது" என்றாள். "வாங்க."